பாதி விலைக்கு டர்போ கார்... வாங்கலாமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை என்னென்ன?

"டாக்டர் வண்டி சார். சிங்கிள் ஓனர். 48 ஆயிரம்தான் ஓடியிருக்கு. ஒரு கீறல் கிடையாது. மிதிச்சீங்கன்னா பறக்கும்!"

பழைய கார் பார்க்கப் போன எல்லோரும் இந்த டயலாக்கை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். சாதாரண பெட்ரோல் கார் என்றால், இதில் பாதி பொய்யாக இருந்தாலும் பெரிய நஷ்டம் வராது. கிளட்ச், சஸ்பென்ஷன், நாலு டயர் என்று கொஞ்சம் செலவு செய்தால் வண்டி ஓடிவிடும்.

ஆனால் டர்போ பொருத்திய வேகமான கார்களின் கதையே வேறு. அங்கே 'மிதிச்சா பறக்கும்' என்பது விளம்பரம் மட்டுமல்ல, ஒரு கேள்வியும்கூட. இதுவரை எத்தனை பேர் மிதித்தார்கள்? எப்படி மிதித்தார்கள்? மிதித்தவர்கள் நேரத்துக்கு ஆயில் மாற்றினார்களா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் வாங்கினால், கார் வாங்கக் கட்டும் இஎம்ஐ ஒரு பக்கம், ரிப்பேருக்கு வாங்கும் கடன் இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும். பழைய டர்போ காரில் எதைப் பார்க்க வேண்டும்? எதைக் கண்டால் திரும்பி வந்துவிட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

முதல் காரணம், விலை. புதிய கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாதம் இந்தியாவுக்கு வந்தபோது அதன் எக்ஸ்-ஷோரூம் விலை 50 லட்ச ரூபாயைத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்கோடா நிறுவனம் ஆக்டேவியா ஆர்எஸ் காரை 100 எண்ணிக்கையில் மட்டும் கொண்டு வந்தது. விலை 49.99 லட்சம். 2020இல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ்245 காரின் விலை 35.99 லட்சமாக இருந்தது. புதுசு கைக்கு எட்டாமல் போகும்போது, ஆசை பழசின் பக்கம் திரும்புவது இயல்புதான்.

இரண்டாவது காரணம், ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் இன்ஜினும் கொண்ட பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய கார்களுக்கு, செஸ் தனியாக இல்லாமல் 40 சதவீதம் என்று ஆனது. புதிய சின்ன கார்களின் விலை இறங்கியதால், அதே ரகப் பழைய கார்களை விற்பவர்களும் விலையில் இறங்கி வர வேண்டியிருக்கிறது.

மூன்றாவது காரணம், வயது. 2013 முதல் 2021 வரை இங்கே விற்பனைக்கு வந்த டர்போ கார்களில் பெரும்பாலானவை நிறுவன வாரன்டி முடிந்து, இரண்டாவது, மூன்றாவது ஓனர்களின் கைக்கு வருகின்றன. அதாவது, இனி எது உடைந்தாலும் செலவு உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

டர்போ என்றால் என்ன? அதில் என்ன ஆபத்து?

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை, சைலன்சர் வழியாக வீணாகத்தான் போகிறது. அந்தப் புகையின் வேகத்தை வைத்து ஒரு சின்ன சக்கரத்தைச் சுழற்றுகிறது டர்போ. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம், அதனால் எரியும் பெட்ரோலும் அதிகம். எனவே சின்ன இன்ஜினிலும் பெரிய இன்ஜினின் பிக்கப் கிடைக்கிறது.

இங்கேதான் சிக்கல். இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றினாலே நமக்கு அது உச்சம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சுற்றும். பெட்ரோல் டர்போவுக்குள் நுழையும் புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். இந்த வேகத்தையும் சூட்டையும் தாங்கி அந்தத் தண்டைக் காப்பது எது? மெல்லிய ஆயில் படலம். அவ்வளவுதான்.

ஆயில் பழசாகிவிட்டாலோ, அளவு குறைந்தாலோ, மலிவான ஆயில் ஊற்றினாலோ முதலில் அடிவாங்குவது டர்போவாகத்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு, டோல் தாண்டி டீக்கடையில் நிறுத்திய உடனே இன்ஜினை ஆஃப் செய்வதும் தவறு. டர்போவுக்குள் தேங்கி நிற்கும் ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். அந்தக் கரி நாளடைவில் ஆயில் போகும் மெல்லிய பாதையையே அடைத்துவிடும்.

எனவே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டர்போ காரில் ஓடோமீட்டரில் தெரியும் கிலோமீட்டரைவிட, ஆயில் மாற்றிய பில்கள்தான் வண்டியின் உண்மையான வயதைச் சொல்லும். 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய கார், 45 ஆயிரம் ஓடி பில்லே இல்லாத காரைவிட நல்லது.

எந்த காரில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லா டர்போ காரும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. நம் ஊர் சந்தையில் அதிகம் பேசப்படும் சில கார்களைப் பார்ப்போம்.

*போலோ ஜிடி டிஎஸ்ஐ:* 2013இல் அறிமுகமானது. 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ் சக்தி, 7 கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். பிஎஸ்6 விதி வந்த 2020இல் இந்த இன்ஜினுக்கு விடை கொடுக்கப்பட்டு, 1.0 லிட்டர் இன்ஜினும் வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் வந்தன. பழைய 1.2 இன்ஜினில் கவனிக்க வேண்டியது டைமிங் செயின். செயின் நீண்டு தளர்ந்துவிட்டால், காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது சில விநாடிகள் சலசலவென்று சத்தம் வரும். அதை விட்டுவிட்டால், ஒரு நாள் செயின் பல் தாவி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன் பிறகு வருவது சர்வீஸ் பில் அல்ல, இன்ஜின் பில்.

இந்த காரின் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் டிகியூ200 என்ற வகை. இதில் ஆயிலில் நனையாத இரண்டு கிளட்ச்கள் உண்டு. ஹைவேயில் அருமையாக இருக்கும். ஆனால் கத்திப்பாரா, ஓஎம்ஆர் போன்ற இடங்களில் மாலை நேர நெரிசலில் இன்ச் இன்ச்சாக நகரும்போது கிளட்ச் சூடாகித் தேயும். கியர் மாற்றும் கட்டளையைத் தரும் மெக்கட்ரானிக்ஸ் பகுதி பழுதானால் வண்டி நடு ரோட்டில் நின்றுவிடலாம். அதை மாற்றும் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடும். இது நம் ஊரில் மட்டும் உள்ள புகார் அல்ல. சீனாவில் டிஎஸ்ஜி கோளாறுக்காக 2013இல் சுமார் 3.84 லட்சம் கார்களை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் திரும்ப அழைத்தது.

*லாரா, சூப்பர்ப், ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ:* லாரா, முதலில் வந்த சூப்பர்ப் கார்களில் டைமிங் செயின் டென்ஷனரும், இன்ஜின் ஆயில் குடிப்பதும் கவனிக்க வேண்டிய விஷயங்கள். 2013க்குப் பின் வந்த ஆக்டேவியாவின் இன்ஜின் அடுத்த தலைமுறை. அதில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் பகுதியில் கூலன்ட் கசிவு அடிக்கடி வரும். பானட்டைத் திறந்து, கூலன்ட் உலர்ந்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

*ஆக்டேவியா ஆர்எஸ்:* 2017இல் வந்தது 230 பிஎஸ், 2020இல் வந்தது 245 பிஎஸ். இவற்றின் டிஎஸ்ஜி, ஆயிலில் நனையும் கிளட்ச் கொண்டது. உலர் கிளட்சைவிட வலுவானது. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. குறித்த இடைவெளியில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டும். 6 கியர் டிஎஸ்ஜியில் இது 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை. "கியர்பாக்ஸ் ஆயில் லைஃப்டைம் சார், மாத்தவே வேணாம்" என்று யாராவது சொன்னால், சர்வீஸ் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

*ஐ20 என் லைன்:* 2021இல் அறிமுகம். 1.0 லிட்டர் டர்போ, 120 பிஎஸ். இதன் 7 கியர் டிசிடியும் உலர் கிளட்ச் வகைதான். எனவே போலோவுக்குச் சொன்ன நெரிசல் சோதனை இதற்கும் பொருந்தும். சின்ன கார், வயதும் குறைவு என்பது சாதகம்.

*டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி:* இவற்றுக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. டாடா நிறுவனமும் கோவையைச் சேர்ந்த ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து உருவாக்கி, 2018இல் வெளியிட்ட கார்கள். 1.2 லிட்டர் டர்போ, மேனுவல் கியர். பணத்துக்கு இவ்வளவு வேகம் தந்த கார்கள் குறைவு. ஆனால் அந்தக் கூட்டு முயற்சி 2020இல் முடிவுக்கு வந்துவிட்டது. எனவே இன்ஜினைவிட உதிரி பாகம் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. இந்த காருக்கென்றே செய்த பம்பர், பானட் போன்றவை உடைந்திருந்தால், 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று நினைக்க வேண்டாம். வாங்கும் முன்பே விலையும் இருப்பும் விசாரித்துவிடுங்கள்.

ரீமேப் செய்த வண்டி: கண்ணுக்குத் தெரியாத பிரச்னை

பழைய டர்போ கார் வாங்குவதில் மிகப்பெரிய அபாயம் எது என்று கேட்டால், பல மெக்கானிக்குகள் சொல்லும் பதில் 'ரீமேப்'.

டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ள வேண்டும் என்பதை இசியு என்ற கணினிதான் முடிவு செய்கிறது. அதன் மென்பொருளை மாற்றினால் போதும், ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் சக்தியைக் கூட்டிவிடலாம். லேப்டாப்பை மாட்டி, சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நல்ல ட்யூனர் செய்து, நல்ல பெட்ரோலும் நல்ல ஆயிலும் போட்டால் பல கார்கள் தாங்கும். ஆனால் எல்லா பாகமும் தாங்காது.

ஓர் உதாரணம். 2016இல் 99 எண்ணிக்கையில் மட்டும் இந்தியாவுக்கு வந்த போலோ ஜிடிஐ காரின் 1.8 லிட்டர் இன்ஜின், வெளிநாட்டில் மேனுவல் கியர்பாக்ஸுடன் 320 நியூட்டன் மீட்டர் இழுவிசை தந்தது. இங்கே வந்த டிஎஸ்ஜி காரில் 250 மட்டுமே. ஒரே இன்ஜின்தான், அப்புறம் ஏன் குறைத்தார்கள்? டிகியூ200 கியர்பாக்ஸின் தாங்கும் எல்லை 250தான். ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ காருக்கும் இதே 250. அதாவது, கம்பெனியே கியர்பாக்ஸை நினைத்துப் பயந்து கட்டிப்போட்ட இன்ஜின் அது. ரீமேப் செய்பவர் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறார். கிளட்ச் தேய்ந்த பிறகு விலை கொடுப்பது யார்? அடுத்த ஓனர்.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. விற்பதற்கு முன் மென்பொருளைப் பழையபடி கம்பெனி நிலைக்கு மாற்றிவிடுவார்கள். ஓட்டிப் பார்த்தால் சாதாரண கார் போலவே இருக்கும். மென்பொருள் திரும்பிவிடும், தேய்ந்த கிளட்ச் திரும்பாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? நூறு சதவீத உறுதியான வழி இல்லை. ஆனால் சில தடயங்கள் உண்டு:

• ஏர் ஃபில்டர் பெட்டி, இன்டர்கூலர் குழாய், சைலன்சர் ஆகியவை கம்பெனி பாகங்கள்தானா? புதிதாகக் கழற்றி மாட்டிய ஸ்க்ரூ அடையாளம் இருக்கிறதா?

• கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அதன் இடத்தில் இருக்கிறதா? அதை எடுத்திருந்தால் சத்தமும் பெட்ரோல் வாடையும் காட்டிக் கொடுக்கும். புகைச் சான்றிதழிலும் சிக்கல் வரும்.

• ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் கம்பெனி சொன்ன காலத்துக்கு முன்பே மாற்றப்பட்டுள்ளனவா? ஏன் என்று கேளுங்கள்.

• ஓனரின் சோஷியல் மீடியா பக்கம். கேலியாகத் தோன்றலாம். ஆனால் ரேஸ் டிராக்கில் எடுத்த வீடியோவும் 'ஸ்டேஜ் 2' என்ற பெருமையும் அங்கேதான் இருக்கும்.

• அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். சில இசியுக்கள், மென்பொருள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கை வைத்திருக்கும்.

சட்டமும் இதில் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அம்சங்களை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாமல் மாற்றியமைத்தால் 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க முடியும். விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் இதே காரணத்தைக் காட்டி க்ளைமில் கை வைக்கலாம். மாற்றியது யாராக இருந்தாலும், அன்றைக்கு ஆர்சியில் இருப்பது உங்கள் பெயர்தான்.

நேரில் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

முதல் விதி: "நான் வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், யாரோ முன்பே ஓட்டி, காலைச் சத்தத்தை மறைத்துவிட்டார்கள் என்று பொருள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள்.

*குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட்:* முதல் 5 விநாடிகளை போனில் பதிவு செய்யுங்கள். செயின் சத்தம், உலோகம் உரசும் சத்தம், தகரம் அதிர்வது போன்ற சத்தம் எல்லாம் இங்கேதான் கேட்கும். தகரச் சத்தம், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் தளர்ந்ததைக் காட்டலாம்.

*புகையின் நிறம்:* நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போ சீலாகவும் இருக்கலாம், பிஸ்டன் ரிங்காகவும் இருக்கலாம். இரண்டுமே பெரிய செலவு. இன்ஜின் சூடான பின்னும் நிற்காத, இனிப்பு வாடை அடிக்கும் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. இன்னொரு சோதனை: சூடான இன்ஜினை 3 நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஆக்சிலேட்டரை ஒரு முறை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். அப்போது நீலப் புகை குபீரென்று வந்தால் கவனம்.

*ஆயில்:* டிப்ஸ்டிக்கில் அளவைப் பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தார் போலக் கெட்டியான படிவு இருந்தால், ஆயில் மாற்றத்தில் அலட்சியம் நடந்திருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் போன்ற நிறுவனங்கள் 15 ஆயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று சொல்வது வழக்கம். விரட்டி ஓட்டும் காருக்கு, அதிலும் நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும், அதில் பாதி தூரத்தில் மாற்றியிருந்தால் அந்த ஓனர் விவரம் தெரிந்தவர். பில்லில் ஆயிலின் தரக் குறியீட்டையும் பாருங்கள். 2020இல் வந்த 'ஏபிஐ எஸ்பி' தரம், சின்ன டர்போ இன்ஜின்களின் ஒரு தனிப் பிரச்னையையும் மனதில் வைத்து வந்தது. குறைந்த வேகத்தில், உயர்ந்த கியரில் அழுத்தி மிதிக்கும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைப்பதுதான் அந்தப் பிரச்னை.

*டெஸ்ட் டிரைவ்:* குறைந்தது அரை மணி நேரம். முதலில் நெரிசலில் ஓட்டுங்கள். பிரேக்கை மெல்ல விட்டு நகரும்போது உடல் குலுங்குகிறதா? முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது டிங் என்று தட்டுகிறதா? மேம்பாலச் சரிவில் நிறுத்தி, ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். தேய்ந்த கிளட்ச் அங்கே மறைக்க முடியாமல் நடுங்கும்.

பிறகு காலியான ரோட்டில், விதிகளுக்கு உட்பட்ட வேகத்தில், மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதியுங்கள். இழுவை ஒரே சீராகக் கூட வேண்டும். நடுவில் திணறினால் காயில், பிளக், இன்ஜெக்டர் என்று ஏதோ ஒன்று. ஊய்... என்று விசில் பெரிதாகக் கேட்டு இழுவை குறைவாக இருந்தால், இன்டர்கூலர் குழாயில் காற்று கசியலாம். திடீரென்று சக்தி முழுவதும் போய் மாட்டு வண்டி மாதிரி ஆனால், இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளும் 'லிம்ப் மோடு'க்குப் போய்விட்டது என்று பொருள்.

ஓட்டி முடித்ததும் ஆஃப் செய்து, 10 நிமிடம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகத் தடுமாறக் கூடாது. பார்க்கிங் இடத்தில் கீழே சொட்டியிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

சின்ன ஸ்கேனர் சொல்லும் பெரிய உண்மை

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் புளூடூத் ஸ்கேனர் ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. மொபைல் ஆப் வழியாக இன்ஜினின் பிழைக் குறியீடுகளைப் படிக்கலாம். ஆனால் 'நோ ஃபால்ட்' என்று வந்தால் மட்டும் சந்தோஷப்பட வேண்டாம். விற்பனைக்கு முந்தைய நாள் பிழைகளை அழிப்பது இரண்டு நிமிட வேலை.

அதற்காகத்தான் 'ரெடினெஸ் மானிட்டர்' என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். பிழைகளை அழித்தால், காரின் சுய பரிசோதனைகளும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அவை மீண்டும் முடிய, பல முறை, பல விதமாக ஓட்ட வேண்டும். தினமும் ஓட்டும் கார் என்று சொல்லும் காரில் பல மானிட்டர்கள் 'நாட் ரெடி' என்று காட்டினால், அண்மையில் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். "பேட்டரி புதுசு சார்" என்றால் அதற்கும் பில் கேளுங்கள்.

மலிவு ஸ்கேனர் இன்ஜினை மட்டும்தான் சரியாகப் படிக்கும். கியர்பாக்ஸின் கிளட்ச் தேய்மானம், வேறு கணினிகளில் பதிவாகியுள்ள கிலோமீட்டர் போன்றவற்றைப் பார்க்க, அந்த பிராண்டை அறிந்த மெக்கானிக்கின் ஸ்கேனர் தேவை. ஓடோமீட்டரைத் திருப்பியவர்கள் எல்லா இடத்திலும் திருப்பியிருக்க மாட்டார்கள். அதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். "மெக்கானிக்லாம் எதுக்கு சார், நம்பி எடுங்க" என்று விற்பவர் தடுத்தால், அதுவே உங்களுக்கான பதில்.

கார்பன், இ20 பெட்ரோல், வெள்ளம்

*கார்பன் படிவு:* பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில், காற்று நுழையும் வால்வின் மேல் பெட்ரோல் படாது. வழக்கமான இன்ஜினில் பெட்ரோல் அந்த வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். இங்கே அது இல்லாததால் ஆயில் ஆவி படிந்து கரி சேரும். ஐடிலில் நடுக்கம், பிக்கப்பில் மந்தம் இருந்தால் இதுவும் காரணமாகலாம். சுத்தம் செய்ய முடியும். எனவே இது விலை பேச ஒரு காரணம், வண்டியை விட்டு ஓடக் காரணம் அல்ல.

*இ20:* இப்போது பங்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பல கார்கள் அதற்கென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. எனவே பழைய டர்போ காரில் பெட்ரோல் குழாய், ரப்பர் சீல், இன்ஜெக்டர் பகுதிகளில் கசிவோ வெடிப்போ இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாடலுக்கு என்ன பெட்ரோல் என்பது ஓனர் புத்தகத்திலும், பல கார்களில் டேங்க் மூடியின் உள்பக்கத்திலும் இருக்கும். மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

*வெள்ளம்:* 2015 சென்னை வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எத்தனை கார்களை மூழ்கடித்தன என்பதை நாம் டிவியில் பார்த்தோம். டர்போ காரில் சென்சார்களும் கணினிகளும் அதிகம். தண்ணீர் பட்ட ஒயரிங் பல மாதம் கழித்தும் தொல்லை தரும். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துச் சேற்றுக் கறை பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இன்ஷூரன்ஸ் க்ளைம் வரலாற்றையும் கேட்டு வாங்குங்கள்.

பேப்பரில் கவனிக்க வேண்டியவை

வேகமான கார்களில் பல, புதுச்சேரி அல்லது வேறு மாநிலப் பதிவெண்ணுடன் விற்பனைக்கு வரும். வேறு மாநில கார் இங்கே 12 மாதங்களுக்கு மேல் இருந்தால், இங்கே புதிய பதிவெண் வாங்க வேண்டும். தமிழ்நாட்டுச் சாலை வரியும் கட்ட வேண்டும். விலை குறைவாகத் தெரியும் 'பிஒய்' காருக்கு இந்த வரியைச் சேர்த்துப் பார்த்த பிறகே அது உண்மையில் லாபமா என்று முடிவு செய்யுங்கள்.

வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா, இ-சலான் அபராதம் எவ்வளவு என்று பரிவாஹன் தளத்தில் பதிவெண்ணை வைத்துப் பார்க்கலாம். ஓவர் ஸ்பீடு சலான்கள் வரிசையாக இருந்தால், 'ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்போம்' என்ற கதையை நம்ப வேண்டுமா என்று நீங்களே யோசியுங்கள். ஆர்சி பெயர் மாற்றத்தோடு இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ க்ளைம் போனஸ் உங்களுக்கு வராது.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

தாராளமாக வாங்கலாம். நன்றாகப் பராமரித்த டர்போ கார், அதே விலையில் கிடைக்கும் புதிய காரில் கிடைக்காத ஓட்டும் சுகத்தைத் தரும். ஆனால் கையில் 10 லட்சம் இருந்தால் 10 லட்ச ரூபாய்க்கு வண்டி பார்க்காதீர்கள். 8 லட்சத்துக்குப் பாருங்கள். மீதி 2 லட்சம் முதல் ஆண்டின் ரிப்பேருக்கு. செலவாகவில்லை என்றால் சந்தோஷம். டர்போவோ மெக்கட்ரானிக்ஸோ கைவிட்டால், அந்தப் பணம்தான் வட்டிக்கடையிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

நான்கு சந்தர்ப்பங்களில் மட்டும் யோசிக்காமல் திரும்பிவிடுங்கள். ஒன்று, கடைசி இரண்டு ஆண்டுகளின் ஆயில் பில்கூட இல்லை. இரண்டு, நீலப் புகை. மூன்று, நகரும்போது குலுங்கும் கியர்பாக்ஸ். நான்கு, மெக்கானிக் பரிசோதனைக்கு மறுப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும், விற்பவர் ஐம்பதாயிரம் குறைத்தாலும் அது லாபம் இல்லை.

"இன்னைக்கு சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க சார், அட்வான்ஸ் போட்டுட்டுப் போங்க" என்பார்கள். போகட்டும். அடுத்த வாரம் இன்னொரு கார் வரும். அதன் பானட் சில்லென்று இருக்கும்போது போய்ப் பாருங்கள்.